நீர்ப்பிரமி மாத்திரை: பலன் தெரிந்தும் நிறுத்தப்போகிறேன்

"அக்கா, நீங்க சாப்பிடுற அந்த ஞாபகசக்தி மாத்திரையை இப்போ பாதி விலைக்குப் போட்டிருக்காங்க. பையனுக்கு ரெண்டு பாட்டில் வாங்கிடட்டுமா?" என்று ஆபீஸ் தோழி கேட்டாள். பையன் பிளஸ் டூ, அடுத்த மாதம் பரீட்சை. வாங்காதே என்று உடனே சொல்லிவிட்டேன். "நீங்க மட்டும் ரெண்டு வருஷமா சாப்பிடுறீங்களே" என்று கேட்டாள். நியாயமான கேள்வி.

நான் சாப்பிடுவது நீர்ப்பிரமி. வயல் ஓரத்திலும் குளத்தங்கரை ஈரத்திலும் தரையோடு படரும் செடி, சின்னச் சின்னச் சதைப்பற்றான இலை. வல்லாரை வேறு, இது வேறு. பிராமி என்ற பெயரில் சில கம்பெனிகள் வல்லாரையையும் விற்பதால், டப்பாவில் பகோபா மொன்னியரி என்ற இதன் தாவரவியல் பெயர் இருக்கிறதா என்று பார்த்துத்தான் வாங்குவேன்.

ஐம்பது தாண்டிய பிறகு தேவார வகுப்பில் சேர்ந்தேன். ராத்திரி மனப்பாடம் செய்த பாட்டு காலையில் பாதிகூட நிற்கவில்லை. டாக்டர் முதலில் பி12, தைராய்டு இரண்டையும் பார்க்கச் சொன்னார். இரண்டும் சரியாக இருந்தன. இந்த டெஸ்ட் எடுக்காமல் யாரும் மூலிகைப் பக்கம் போகக் கூடாது என்பேன். பி12 குறைந்து வரும் மறதிக்கு பி12 கொடுத்தால்தான் தீரும்.

வெளிநாட்டிலிருந்து வரும் சொந்தக்காரர்கள் ஜிங்கோ என்ற மரத்தின் இலையிலிருந்து செய்யும் ஞாபகசக்தி மாத்திரை கொண்டுவந்து தருவார்கள். அதை நான் தொடவில்லை. அமெரிக்காவில் 75 வயதுக்கு மேற்பட்ட 3,069 பேரை வைத்து, தினம் 240 மில்லிகிராம் ஜிங்கோவை வெற்று மாத்திரையோடு ஒப்பிட்டு, சுமார் ஆறு வருஷம் பார்த்தார்கள். 2008-இல் முடிவு வந்தது. டிமென்ஷியா என்ற மறதி நோயை அது தடுக்கவில்லை.

நீர்ப்பிரமிக்கு வருகிறேன். ஆரம்பத்தில் வயிற்றைப் படுத்தியது. வெறும் வயிற்றில் போட்டால் குமட்டல், சில நாள் வயிற்றுப்போக்கு. சாப்பாட்டுக்குப் பிறகு போட ஆரம்பித்ததும் அடங்கியது. பிராமி கிருதம் என்று நெய்யில் காய்ச்சித்தான் ஆயுர்வேதத்தில் கொடுப்பார்கள் என்று கேள்விப்பட்டதிலிருந்து, நெய் சேர்த்த சோற்றோடுதான் எடுத்துக்கொள்கிறேன்.

மூன்று மாதம் வரை எந்த மாற்றமும் இல்லை. அதற்குப் பிறகு ஒன்று புரிந்தது. புதுப் பாட்டைப் படிக்க ஆகிற நேரம் குறையவே இல்லை. ஆனால் படித்தது மறுநாளும் நின்றது. சம்பந்தர் பதிகத்தில் எட்டாம் பாட்டில் இராவணன், ஒன்பதாம் பாட்டில் அயனும் மாலும் என்று பெரும்பாலும் அடையாளம் இருக்கும், அவை தப்பாது. எனக்கு வரிசை குழம்புவதெல்லாம் மூன்று, நான்கு, ஐந்தில்தான். அந்த இடங்களில் தடுமாறாமல் ஓதி முடித்த அன்று அத்தனை சந்தோஷமாக இருந்தது. 40 முதல் 65 வயதுள்ள 76 பேரை வைத்து ஆஸ்திரேலியாவில் நடந்து 2002-இல் வெளியான ஆய்வும் இதையேதான் சொல்கிறது: கற்கும் வேகம் கூடவில்லை, கற்றது மறக்கும் வேகம் குறைந்தது. தினமும் ஓதிய பழக்கத்துக்கும் இதில் பங்கு உண்டு, எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல முடியாது. ஆனாலும் மாத்திரைக்கு உரிய மதிப்பைக் கொடுத்துத்தான் ஆக வேண்டும்.

இனி என் கோபம். போன முறை வந்த பாட்டிலில் அதே பச்சை லேபிள், அதே படம், அதே 500 மில்லிகிராம். பின்பக்கம் பொடி எழுத்தில் மட்டும் மாற்றம். முன்பு எக்ஸ்ட்ராக்ட், அதாவது செடியிலிருந்து பிரித்தெடுத்த செறிவான சாரம், என்று போட்டு, அதில் வேலை செய்கிற பொருளான பேகோசைடு இத்தனை சதவீதம் என்றும் இருந்தது. இப்போது வெறும் செடிப் பொடி. சதவீதம் என்ற வரியே இல்லை. மிச்சமிருந்த பழைய கேப்சூல் ஒன்றையும் புதியது ஒன்றையும் பிரித்து வெள்ளைத் தட்டில் கொட்டினேன். பழையது கரும்பழுப்பு, நைஸாக விரலில் ஒட்டியது. நாக்கில் வைத்தால் காபி குடித்த பிறகும் கசப்பு போகவில்லை. புதியது வெளிர்பச்சை, நடுவே நார், லேசான கசப்பு.

பொடி கெட்டது என்று சொல்லவில்லை. பொடியாகச் சாப்பிட்டால் கிராம் கணக்கில் சாப்பிட வேண்டும், அரை கிராம் எந்த மூலைக்கு? ஆஸ்திரேலிய ஆய்விலும் கொடுத்தது எக்ஸ்ட்ராக்ட்தான். விலையைக் குறைக்காமல் சரக்கை மாற்றிவிட்டு, கேட்டால் கஸ்டமர் கேரில் "ஃபார்முலாவை மேம்படுத்தியிருக்கிறோம் மேடம்" என்கிறார்கள். என்ன மேம்பாடு என்று மெயில் போட்டேன், பதில் இல்லை. இப்போது பாதி விலைக்குத் தள்ளுகிறார்களே, அது இந்தச் சரக்குதான்.

அதனால் கையிலிருக்கும் பழையது தீர்ந்ததும் நிறுத்துகிறேன். சதவீதம் போட்ட எக்ஸ்ட்ராக்ட் வேறு கம்பெனிகளில் கிடைக்கிறது, தெரியும். எனக்கு ஒத்துக்கொண்ட மருந்துதான், அதுவும் தெரியும். மனசு விட்டுப்போய்விட்டது. மருந்து என்று நம்பி வாயில் போடுகிற பொருளை ஒவ்வொரு தடவையும் தட்டில் கொட்டிப் பார்க்க என்னால் முடியாது.

பையன் விஷயத்தில் மறுபேச்சே இல்லை. ஆய்வுகளில் பெரும்பாலும் 12 வாரம் கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள், இவனுக்கு இருப்பது நாலு வாரம். பரீட்சை ஹாலில் வயிற்றைக் கலக்கினால் யார் பொறுப்பு? ராத்திரி பதினோரு மணிக்கு விளக்கை அணைத்துத் தூங்கச் சொல், படித்தது நிற்கும்.

கடைசியில் "அப்போ மாமியாருக்காவது வாங்கட்டுமா?" என்றாள். அவர் மறதிக்கு டோனெபெசில் சாப்பிடுகிறவர். நீர்ப்பிரமியும் ஓரளவு அதே வழியில் வேலை செய்யக்கூடியது, இரண்டும் சேர்ந்தால் பக்கவிளைவு கூடலாம். அவருடைய டாக்டர் சரி என்று சொல்லாமல் ஒரு மாத்திரைகூடக் கொடுக்காதே என்று சொல்லியிருக்கிறேன்.