ரேலியா கிரிக்கெட்டா: கார் கம்பெனி காசு எதுல போட்டா வண்டி நகரும்?

போன வருஷம் வைகாசியில ஒரே வாரத்துல ரெண்டு பேரு யார்டுக்கு வந்தாங்க. ஒருத்தன் நம்ம தெரு தம்பி, கிரிக்கெட் டோர்னமென்ட் வைக்கிறோம்ணே, பத்தாயிரம் குடுத்தா ஜெர்சி முதுகுல உங்க கடை பேருன்னான். இன்னொருத்தரு தேவிபட்டினம் பக்கம், கோயில் திருவிழாவுக்கு மாட்டு வண்டி பந்தயம், பூஞ்சிட்டுன்னு சின்ன மாட்டுப் பிரிவுல ரெண்டாவது பரிசு நீங்க போடுங்கண்ணே, அதுவும் பத்தாயிரம்தான். பழைய கார் வாங்கி விக்கிறவன் நான், விளம்பரத்துக்குன்னு கையில இருந்ததே அவ்வளவுதான். பந்தயத்துக்குக் குடுத்துட்டு ஒரே ஒரு கண்டிஷன் போட்டேன், மாட்டுக்குப் பின்னாடி மைக் செட் கட்டிட்டுப் போறது என் யார்டுல நிக்கிற பொலேரோவா இருக்கணும்.

போக வர 8 மைலு. பாதி தாரு, பாதி சரளை, ரெண்டு பக்கமும் கருவேலங்காடு. அஞ்சாறு பேரு தொங்கிட்டு வர்றாங்க, வண்டி புழுதியில முங்கி முங்கி எந்திரிக்குது. நாலாம் நாளு திருப்பாலைக்குடியில இருந்து ஒருத்தரு வந்து "அன்னைக்கு மைக்கு கட்டி வந்துச்சே, அந்த வண்டி நிக்கிதா"ன்னாரு. நின்னுச்சு, வித்துச்சு. ஒரு வண்டி வித்தத வச்சு சட்டம் பேச முடியாது, ஆனா அந்த மனுஷன் என் கடைப் பேரையே கேக்கல, வண்டியத்தான் கேட்டாரு. ரேலிங்கிறதும் இதே மாதிரிதான், மூடுன ரோட்டுல மண்ணு சரளைன்னு பாக்காம கார் ஓட்டுற பந்தயம். அங்கேயே எனக்கு ரேலி பக்கம் சாய்மானம் வந்துருச்சு, அத மறைக்கல.

கிரிக்கெட்ட சீக்கிரம் முடிச்சிருவோம். டாடா 2024-ல இருந்து 5 வருஷ ஐபிஎல்லுக்கு 2,500 கோடி எழுதியிருக்கு. பாக்குற கண்ணு கணக்குல ரேலி கிட்டயே வர முடியாது. பேரே தெரியாத புதுக் கம்பெனிக்கு அது சரி. ஆனா பாம்பன்ல ஐஸ் ஏத்துற பையனுக்கு டாடா பேர யாரு சொல்லித் தரணும், அவன் தினம் ஏறி இறங்குறதே டாடா ஏஸ்தான். சிக்ஸருக்கும் வண்டியோட சஸ்பென்ஷனுக்கும் என்ன சம்பந்தம்?

ரேலி அப்படியில்ல, வண்டியே வேலை செஞ்சு காட்டணும். நாலு சக்கரமும் இழுக்குறதுன்னா ஜீப்பு சமாச்சாரம்னு இருந்த காலத்துல ஆடி கார் கம்பெனி 1980-ல குவாட்ரோங்கிற வண்டிய இறக்கி, 82-லயும் 84-லயும் உலக ரேலி கம்பெனி பட்டத்தத் தட்டுனான், இன்னைக்கும் அந்த வார்த்தைய வண்டியில ஒட்டி விக்கிறான். மிட்சுபிஷி லான்சர் எவல்யூஷன்ல டாமி மேக்கினென்னு ஒரு டிரைவர் 1996-ல இருந்து 99 வரை தொடர்ந்து நாலு டிரைவர் பட்டம். திருவள்ளூர்ல செஞ்ச நம்மூரு லான்சருக்கும் அதுக்கும் முகஜாடைதான் ஒண்ணு, ஆனாலும் மிட்சுபிஷியோட ரேலி பிரிவான ராலியார்ட் ஸ்டிக்கர் ஒட்டாத லான்சர் எங்கிட்ட வந்தது கம்மி. அந்த ஸ்டிக்கருக்கு எந்த பேப்பர் விளம்பரம் ஈடாகும்?

ஆனா ஓடுன வண்டியும் விக்கிற வண்டியும் ஒண்ணா இருக்கணுமே, அங்கதான் இப்ப சறுக்குது. ஐ20 செய்யிறது இருங்காட்டுக்கோட்டையில, ரேஸ் டிராக்கும் அதே ஊர்லதான். ஹூண்டாய் 2019-லயும் 2020-லயும் ரேலி பட்டம் ஜெயிச்சான். எங்கிட்ட ஐ20 கேட்டு வந்தவங்கள்ல ஒருத்தருகூட அதப் பேசினதில்ல, மைலேஜு, ஏசி, ரீசேல், அவ்வளவுதான். 2022-ல இருந்து மேல் கிளாஸ் ரேலி வண்டிக்கு உள்ள பைப்புக் கூடு, வெளிய மட்டும் ஐ20 முகம். டொயோட்டா ரேலிக்குன்னே செஞ்ச ஜிஆர் யாரிஸ் இங்க விக்கவே இல்ல. நான் நேர்ல பாத்தது ஒரே ஒரு தடவை, கோயம்புத்தூர் ரேலி, கேத்தனூர் பக்கம் காத்தாடிக் காட்டுக்குள்ள. அங்க ஓடுன போலோ என் யார்டுல நின்ன போலோவோட அண்ணன் தம்பி மாதிரி இருந்துச்சு, அதுதான் மனசுல நின்னுச்சு.

மத்ததெல்லாம் விடுங்க, இந்தக் கடக்கரைக்காரன் பாக்குறது துரு. உலக ரேலியில அதிகமா, 10 கம்பெனி பட்டம் வாங்குனது இத்தாலிக் கார் கம்பெனி லான்சியா. ஸ்ட்ராட்டோஸ் வண்டியில 1974, 75, 76 மூணு வருஷமும் அவன்தான். அதே கம்பெனி அதே காலத்துல வித்த பீட்டா காரு இங்கிலாந்துல துருப்பிடிச்சு, 1980-ல கம்பெனியே வண்டிகளத் திருப்பி வாங்க வேண்டியதாப்போச்சு. அதுக்கப்புறமும் 1987-ல இருந்து 92 வரை தொடர்ந்து ஆறு பட்டம். என்ன புண்ணியம், 94-ல இங்கிலாந்தை விட்டே கிளம்பிட்டான், 2017 வாக்குல ஒரே ஒரு மாடல், அதுவும் இத்தாலியில மட்டும் வித்துக்கிட்டு இருந்தான். ரேலி மூணு நாளு புழுதி, உப்புக்காத்து பத்து வருஷம்.

மண்டபம், ராமேஸ்வரம் வண்டி வந்தா நான் பெயின்ட்ட பாக்குறதே இல்ல. கதவுக்கு அடி ரப்பர தூக்கி விரல விட்டு தடவுவேன், வீல் வளைவுல காந்தம் வைப்பேன், ஒட்டலைன்னா உள்ள இரும்பு போயி பட்டி பூசியிருக்குன்னு அர்த்தம். அப்புறம் கீழ படுத்து சேஸிஸ ஸ்குருடிரைவர் கட்டையால தட்டணும், நல்ல இரும்பு கணீர்னு சொல்லும், போனது டொக்குங்கும். மீன் ஏத்துன பிக்கப்னா ஐஸ் தண்ணி வடிஞ்சு தளமே பிஸ்கட் மாதிரி இருக்கும். கீழக்கரை காக்கா (முஸ்லிம் அண்ணன்மார எங்க பக்கம் அப்படித்தான் கூப்பிடுவோம்) ஒருத்தரு, எந்த கம்பெனின்னுகூட கேக்காம "அடி எப்படி இருக்கு, முதல்ல தூக்கிக் காட்டு"ம்பாரு. ரேலிக்குப் போடுற காசுல கொஞ்சத்த நம்மூரு வொர்க்‌ஷாப்புல அடிப்பூச்சு கேம்ப்புக்குப் போட்டா ரெண்டும் சேந்து வண்டி விக்கும்.

இன்னொரு பயமும் இருக்கு. 2019-ல ஜோத்பூர் ரேலியில, மூடியிருந்த ரோட்டுக்குள்ள வந்த பைக்குல இருந்த ஒரே குடும்பத்து மூணு பேரு செத்தாங்க. விளம்பரம் ஒரு நிமிஷத்துல தலைகீழாயிரும், கிரிக்கெட்டுல அந்தத் தொல்லை இல்ல.

இந்த வருஷமும் ரெண்டு பேரும் வந்துட்டாங்க, பந்தயத்துக்கே குடுத்துட்டேன். மைக்கு கட்ட எத அனுப்புறதுன்னுதான் யோசனை. மண்டபத்துல இருந்து ஒரு ஸ்கார்பியோ வந்துருக்கு, பாக்க மாப்பிள்ளை மாதிரி, அடியில ஸ்குருடிரைவர் ரெண்டு எடத்துல உள்ள இறங்குது. அதுக்குப் பக்கத்துல கலர் மங்கிப்போன ஒரு பழைய பொலேரோ, பரமக்குடி வண்டி. அதத்தான் தொடச்சு வச்சிருக்கேன்.