ஏர்லாக் வைத்த கண்ணாடி ஜாடி: கிளற வேண்டாம்

சேலம் சின்னக் கடைவீதியில் வாங்கிய 5 லிட்டர் ஜாடி இது, மூடியில் தண்ணீர் ஊற்றி வைக்கிற ஏர்லாக் உண்டு; உள்ளே இருக்கிற வாயு அதன் வழியே குமிழியாக வெளியேறும், வெளிக்காற்று உள்ளே வராது. ஏற்காட்டு வீட்டில் இஞ்சி பீர் போட இதைத்தான் வைத்திருக்கிறேன், தாராளமாக வாங்கலாம். "நடுவில் கரண்டி விட்டுக் கிளற வேண்டாமா?" என்று பார்க்கிற எல்லோரும் கேட்கிறார்கள். வேண்டாம். ஈஸ்ட் போடும் முன்பே நன்றாகக் கலக்கிவிடுங்கள், அப்போதுதான் அதற்கு ஆக்சிஜன் வேண்டும். நொதிக்க ஆரம்பித்த பிறகு உள்ளே கிளம்புகிற கரியமில வாயுவே எல்லாவற்றையும் புரட்டிவிடும், கரண்டியால் காற்றும் கிருமியும்தான் உள்ளே போகும். பார்லி பீருக்கும் இதே கதைதான், காற்றுப் பட்டால் நனைந்த அட்டைப்பெட்டி வாடை வந்துவிடும். ஈஸ்டுக்குப் பதிலாகச் சேர்க்க இஞ்சியும் சர்க்கரையும் போட்டு வளர்க்கிற தாய்க்கரைசல் மட்டும் வேறு, அதைத் தினமும் கிளறத்தான் வேண்டும்.

கண்ணாடி என்பதால் இஞ்சித் துணுக்குகள் ஏறி இறங்குவதும், அடியில் ஈஸ்ட் வெள்ளையாகப் படிவதும் அப்படியே தெரிகிறது, பார்க்கவே ஆசையாக இருக்கும். குறை என்றால் மூடியின் ரப்பர் வளையம் கொஞ்சம் லூஸ். குமிழி வரவில்லை என்றால் முதலில் அதை அழுத்திப் பாருங்கள். அப்புறம், சேலம் வெயிலில் வைப்பவர்கள் ஜாடியைத் தண்ணீர் நிரம்பிய அண்டாவில் நிறுத்துங்கள், சூடு 30 டிகிரியைத் தாண்டினால் ருசி கெட்டுவிடும்.