கனடா பால் பண்ணை வேலை என்று சொல்லி ₹3,85,000 வாங்கிக்கொண்டார்கள்: பெங்களூரில் இருப்பவர்களுக்கு எச்சரிக்கை

கனடாவில் பால் பண்ணை வேலை வாங்கித் தருவதாகச் சொல்லி, பெங்களூரின் நடுப்பகுதியில் இயங்கும் ஒரு வெளிநாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் என் தம்பியிடமிருந்து மூன்று லட்சத்து எண்பத்தைந்தாயிரம் ரூபாயைப் பறித்துக்கொண்டது. வேலையும் இல்லை, விசாவும் இல்லை, கொடுத்த பணத்தில் ஒரு ரூபாய்கூடத் திரும்பி வரவில்லை. புகார் கொடுத்திருப்பதால் நிறுவனத்தின் பெயரை இப்போது எழுத வேண்டாம் என்று வழக்கறிஞர் சொல்லியிருக்கிறார். ஆனால் அதே அலுவலகத்தின் வரவேற்பறையில் நேற்றும் தமிழ்ப் பிள்ளைகள் கையில் பாஸ்போர்ட்டுடன் உட்கார்ந்திருந்ததைப் பார்த்துவிட்டு வந்த பிறகு, பேசாமல் இருக்க என்னால் முடியவில்லை.

தம்பி ஓசூரை அடுத்த ஒரு தனியார் பால் பண்ணையில் பல ஆண்டுகளாகக் கறவைப் பொறுப்பில் இருந்தவன். கலப்பினப் பசுக்களைக் கறவை இயந்திரத்தில் கறப்பது, கன்றுகளைப் பார்த்துக்கொள்வது, சினை ஊசி போட்ட தேதிகளைக் குறித்து வைப்பது என்று எல்லா வேலையும் தெரிந்தவன். வெளிநாட்டுப் பண்ணைகளில் இத்தகைய வேலைக்கு ஆள் கிடைப்பதில்லை என்பது பொய்யான செய்தி அல்ல. மாட்டுக்கு ஞாயிற்றுக்கிழமை கிடையாது. விடியுமுன் எழுந்து, பனியிலும் சாணத்திலும் நின்று செய்யும் இந்த வேலைக்கு உள்ளூரில் ஆள் வராததால், தற்காலிக அனுமதியில் அயல்நாட்டுத் தொழிலாளர்களை வரவழைக்கும் திட்டங்களை கனடா உண்மையாகவே நடத்துகிறது. அந்த உண்மையின் மேல்தான் இவர்கள் தங்கள் பொய்யைக் கட்டியிருக்கிறார்கள்.

தீபாவளி முடிந்த சில நாட்களில், நான் குடியிருக்கும் அல்சூருக்குத் தம்பி வந்திருந்தபோது, இருவரும் சேர்ந்தே அந்த அலுவலகத்துக்குப் போனோம். எங்களிடம் பேசியவர் தமிழர். "எனக்கும் கிருஷ்ணகிரிப் பக்கந்தான் அக்கா, நம்ம ஊர்ப் பிள்ளையை ஏமாத்திட்டு நான் எங்க போகப் போறேன்?" என்றார். பணத்தைப் பற்றி அன்று அவர் வாயைத் திறக்கவே இல்லை. மாறாக, தம்பியிடம் மாடுகளைப் பற்றி மட்டுமே கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு, பண்ணையின் மேலாளர் என்று ஒருவரைக் காணொளி அழைப்பில் கொண்டுவந்தார். அந்த மனிதருக்குப் பின்னால் கொட்டகையும் கம்பித் தடுப்புகளும் தெரிந்தன. கறவைக்கு முன்பு ஒவ்வொரு காம்பிலிருந்தும் முதல் பாலைத் தனியாகப் பீய்ச்சிப் பார்ப்பது எதற்காக, மடிநோய் கண்ட பசுவை எந்த வரிசையில் கறக்க வேண்டும், கறந்து முடித்த பின் காம்பை ஏன் மருந்தில் நனைக்கிறோம், பிறந்த கன்றுக்குச் சீம்பாலை எவ்வளவு சீக்கிரம் புகட்ட வேண்டும் என்று அவர் ஆங்கிலத்தில் கேட்க, ஏஜென்சிக்காரர் தமிழில் சொல்ல, தம்பி ஒன்று விடாமல் பதில் சொன்னான். நோயுள்ள பசுவைக் கடைசியில்தான் கறக்க வேண்டும் என்று அவன் சொன்னதும், அந்த மேலாளர் தலையாட்டிப் பாராட்டினார். பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவன் அவன்; அவனுடைய அறிவை ஒருவர் உட்கார்ந்து மதித்துக் கேட்டது அதுவே முதல் முறை. எங்கள் நம்பிக்கை முழுவதும் அந்த அரை மணி நேரத்தில்தான் பிறந்தது. ஒரு தொழிலாளியின் தொழிலையே தூண்டிலாக்கியவர்களை நான் மன்னிக்கப் போவதில்லை.

பணம் நான்கு தவணையாகப் போனது. பதிவுக் கட்டணம் ₹25,000. அடுத்து, அயல்நாட்டவரை வேலைக்கு எடுப்பதற்குக் கனடா அரசு கொடுக்கும் எல்.எம்.ஐ.ஏ அனுமதிக்கு என்று ₹2,10,000. மருத்துவப் பரிசோதனைக்கும் விசாவுக்கும் ₹60,000. கடைசியாக விமான டிக்கெட்டுக்கு ₹90,000. ஆக மொத்தம் ₹3,85,000. அம்மா வளர்த்த இரண்டு கறவைப் பசுக்களை விற்றும், என் வளையல்களை அடகு வைத்தும் புரட்டிய பணம் இது. டிக்கெட் பணம் கட்டிய வாரத்திலேயே, "சீக்கிரம் புறப்பட வேண்டியிருக்கும்" என்று அவர்கள் சொன்னதை நம்பித் தம்பி பண்ணை வேலையையும் விட்டான்.

அதன் பிறகு நடந்தவை எல்லாம் தட்டிக்கழிப்புகளே. முதலில், ஃபைல் நகர்ந்துகொண்டிருக்கிறது என்றார்கள். பொங்கல் சமயத்தில் கேட்டபோது, கனடாவில் பனிக்காலம், அங்குள்ள அலுவலகங்கள் மெதுவாகத்தான் வேலை செய்யும் என்றார்கள். பிறகு கைரேகை பதியும் தேதி இன்னும் வரவில்லை என்றார்கள். கிருஷ்ணகிரிக்காரர் முதலில் போனை எடுப்பதை நிறுத்தினார். நேரில் போய்க் கேட்டால், அவர் வேலையை விட்டுப் போய்விட்டார் என்றார்கள். புதிதாக உட்கார்ந்திருந்த பெண்ணிடம் பணத்தைத் திருப்பிக் கேட்டதும், "மேடம், ரசீதுக்குப் பின்னால படிச்சுப் பாருங்க, நாங்க கன்சல்டன்சி மட்டுந்தான், சர்வீஸ் சார்ஜ் ரீஃபண்ட் கிடையாது" என்றார். எல்.எம்.ஐ.ஏ என்று வாய்ச்சொல்லாகவும் வாட்ஸ்ஆப்பிலும் கேட்டு வாங்கிய தொகை, ரசீதில் 'ஆலோசனைக் கட்டணம்' என்று மாறியிருந்தது. நிறுவனத்தின் மேலாளரைப் பார்க்க வேண்டும் என்றோம். மாலை வரை காத்திருக்க வைத்து, அவர் மும்பை போயிருப்பதாகச் சொல்லி விளக்கை அணைத்தார்கள்.

அப்போதுதான், டொரண்டோவில் இருக்கும் எங்கள் சித்தி மகளிடம் வேலை உத்தரவுக் கடிதத்தை அனுப்பினேன். கடிதத்தில் உள்ள பண்ணை அல்பெர்ட்டா மாகாணத்தில் உண்மையாகவே இருக்கிறது. அவள் இணையத்தில் அதன் எண்ணைத் தேடி எடுத்து நேரடியாகப் பேசினாள். அது பன்றிப் பண்ணை. அங்கே ஒரு பசுகூட இல்லை. இந்தியாவிலிருந்து தாங்கள் யாரையும் கேட்கவில்லை என்றும், இதே கடிதத்தைப் பற்றி இதற்கு முன்பும் சிலர் விசாரித்திருக்கிறார்கள் என்றும் அந்தப் பண்ணை அலுவலகத்துப் பெண்மணி வருத்தத்துடன் சொல்லியிருக்கிறார்.

கடிதத்தை வரி வரியாகப் படித்துப் பார்த்தபோது இன்னும் பல பொய்கள் வெளியே வந்தன. 'பருவகால வேளாண் தொழிலாளர் திட்டம்' என்பதன் கீழ் வேலை என்று அதில் அச்சிட்டிருந்தார்கள். 1966இல் ஜமைக்காவோடு தொடங்கிய அந்தத் திட்டம் மெக்சிகோவுக்கும் கரீபியன் நாடுகளுக்கும் மட்டுமே உரியது; அதில் இந்தியா இல்லை; அதிலும் ஓர் ஆண்டில் 8 மாதங்களுக்கு மேல் தங்க முடியாது. எங்களுக்குச் சொன்னதோ இரண்டு ஆண்டு வேலை. இந்தியா போன்ற மற்ற நாட்டவர் வேறொரு வேளாண் பிரிவில் போக முடியும். ஆனால் அந்தப் பிரிவில், போய்வரும் பயணச் செலவு முதலாளியின் பொறுப்பு. தங்குமிடத்துக்கும் அவரே ஏற்பாடு செய்ய வேண்டும். அப்படியிருக்க, ₹90,000 டிக்கெட் பணம் யாருக்காக?

எல்லாவற்றையும்விட என்னைக் கொதிக்க வைத்தது அந்த ₹2,10,000 தான். உள்நாட்டில் ஆள் கிடைக்கவில்லை, வெளியிலிருந்து கூப்பிடலாம் என்று கனடா அரசு கொடுக்கும் மதிப்பீட்டு ஆவணமே எல்.எம்.ஐ.ஏ. அதற்கு விண்ணப்பிப்பவர் முதலாளி. மற்றத் தொழில்களில் ஓர் இடத்துக்கு 1,000 கனடிய டாலர் கட்டணம். அதையும் முதலாளிதான் கட்ட வேண்டும், தொழிலாளியிடமிருந்து வசூலிக்கக் கூடாது. கால்நடைப் பண்ணைத் தொழிலாளி உள்ளிட்ட அடிப்படை வேளாண் வேலைகளுக்கோ அந்தக் கட்டணமே கிடையாது. இல்லாத ஒரு கட்டணத்துக்காகத்தான் என் அம்மா மாட்டை விற்றார்.

இந்தியச் சட்டத்தின்படியும் இவர்கள் செய்தது குற்றம். 1983ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டம், பதிவுச் சான்றிதழ் இல்லாமல் எவரும் வெளிநாட்டு வேலைக்கு ஆள் சேர்க்கும் முகவராகச் செயல்படக் கூடாது என்கிறது. பதிவு பெற்ற முகவர்கூடத் தொழிலாளியிடம் ₹30,000க்கு மேல் சேவைக் கட்டணம் வாங்க முடியாது. 18 விழுக்காடு ஜி.எஸ்.டி சேர்த்தால் ₹35,400. எங்களிடம் வாங்கியது ₹3,85,000. "அந்தப் பதிவெல்லாம் வளைகுடாவுக்குத்தான், கனடாவுக்கு வேண்டாம்" என்று அவர்கள் சொன்னது, கேட்பவரின் வாயை அடைக்கச் சொன்ன பொய். அரசின் இ-மைக்ரேட் இணையதளத்தில் பதிவு பெற்ற முகவர்களின் பட்டியல் இருக்கிறது. அதில் இவர்கள் பெயர் இல்லை.

காவல் நிலையத்தில் முதலில், இது கொடுக்கல் வாங்கல் தகராறு, கோர்ட்டுக்குப் போங்கள் என்று திருப்பி அனுப்பினார்கள். போலிக் கடிதத்தையும் வாட்ஸ்ஆப் உரையாடலையும் அச்செடுத்து வழக்கறிஞருடன் போன பிறகுதான் மனுவை வாங்கிக்கொண்டார்கள். வெளிநாட்டு வேலைக்குப் போகிறவர்களின் நலனைக் கவனிக்கும் மத்திய அரசின் குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகம் பெங்களூரில் இருக்கிறது; அங்கேயும் எழுதியிருக்கிறோம். தம்பி இன்னும் வேலை இல்லாமல்தான் இருக்கிறான். பழைய பண்ணையில் அவன் இடத்துக்கு வேறு ஆள் போட்டுவிட்டார்கள்.

என்னென்ன பார்க்க வேண்டும் என்று விரிவாக எழுத நினைத்தேன். இப்போதைக்கு இவ்வளவுதான் முடிகிறது. முகவரின் பதிவு எண்ணைக் கேளுங்கள்; இ-மைக்ரேட்டில் அது இருக்கிறதா என்று நீங்களே பார்க்காமல் பாஸ்போர்ட்டைக் கொடுக்காதீர்கள். எல்.எம்.ஐ.ஏ-வுக்குப் பணம் என்று யாராவது கேட்டால் அந்த இடத்திலிருந்து எழுந்து வந்துவிடுங்கள். கடிதத்தில் அவர்கள் கொடுத்திருக்கும் எண்ணுக்கு அல்ல, நீங்களாகத் தேடி எடுத்த எண்ணுக்குப் பண்ணையைக் கூப்பிட்டுப் பேசுங்கள். விசா கையில் வரும் வரை இருக்கும் வேலையை விடாதீர்கள், மாட்டையும் விற்காதீர்கள். ஆன்லைனில் பணம் அனுப்பி ஏமாந்திருந்தால் ஒரு மணி நேரமும் தாமதிக்காமல் இணையக் குற்றப் புகாருக்கான 1930 எண்ணுக்குச் சொல்லுங்கள். வெளிநாட்டு வேலை பற்றிய சந்தேகத்துக்கு அரசின் 1800 11 3090 எண் இருக்கிறது.

பெங்களூரில் இதே போல, பன்றிப் பண்ணையின் பெயரில் பால் பண்ணை வேலைக் கடிதம் வாங்கியவர்கள் யாராவது இருந்தால், ரசீதின் இரண்டு பக்கங்களையும் வாட்ஸ்ஆப் உரையாடலையும் அழிக்காமல் வைத்துக்கொண்டு எனக்குத் தனிச்செய்தி அனுப்புங்கள். எங்கள் ₹3,85,000க்கு மட்டுமான புகாராக இல்லாமல், எல்லோருடைய தொகையையும் சேர்த்து ஒரே மனுவாகக் கொடுக்கலாம் என்று வழக்கறிஞர் சொல்கிறார்.