நார்னியா: பெட்டியில் போட்டிருக்கும் வரிசையில் படிக்காதீர்கள்

என் பன்னிரண்டாவது பிறந்தநாளுக்கு அத்தை வாங்கித் தந்த பெட்டியில் ஏழு புத்தகங்கள் இருந்தன. நார்னியா என்ற மாய உலகத்தைப் பற்றி சி. எஸ். லூயிஸ் எழுதிய கதைகள். ‘தி மெஜிஷியன்ஸ் நெஃப்யூ’ என்ற புத்தகத்தின் முதுகில் 1 என்று அச்சிட்டிருந்தது. எண் போட்டிருந்தால் அந்த வரிசையில்தானே யாரும் படிப்பார்கள்? நானும் அப்படியே படித்து முடித்தேன். அதனால் எதை இழந்தேன் என்பது, சென்ற கோடை விடுமுறையில் தம்பிக்கு இந்தக் கதைகளைச் சொல்லத் தொடங்கியபோதுதான் தெரிந்தது.

இந்தப் புத்தகங்கள் 1950 முதல் 1956 வரை ஆண்டுக்கு ஒன்றாக வந்தவை. முதலில் வந்தது ‘தி லயன், தி விட்ச் அண்ட் தி வார்ட்ரோப்’. என் பெட்டியில் முதலாவதாக இருந்ததோ 1955-இல் ஆறாவதாக வந்த கதை. நார்னியா எப்படிப் பிறந்தது என்பதை அது சொல்லிவிடுகிறது. அதைப் படித்துவிட்டு, முதலில் வந்த கதையின் சிறுமி லூசியோடு துணி அலமாரிக்குள் நுழைந்து பாருங்கள். கம்பளிக் கோட்டுகளை விலக்கிக்கொண்டு, பின்பலகை எங்கே என்று கையை நீட்டியபடி அவள் போகிறாள். பலகை வரவில்லை. காலடியில் ஏதோ நொறுங்குகிறது. குனிந்து தொட்டால் பனி. தூரத்தில், நடுக்காட்டில், ஒரு தெருவிளக்குக் கம்பம் எரிந்துகொண்டிருக்கிறது. அந்த இடத்தில் திகைத்து நிற்க வேண்டும். நான் நிற்கவில்லை, அந்தக் கம்பம் எப்படி அங்கே வந்தது என்று எனக்குத் தெரிந்திருந்தது. பிறகு பீவர் என்ற பேசும் விலங்கு ‘அஸ்லான்’ என்ற பெயரைக் கிசுகிசுக்கும்போது, அது யாரென்று உங்களைப் போலவே லூசிக்கும் அவள் உடன்பிறந்தவர்களுக்கும் தெரியாது என்கிறார் கதை சொல்பவர். எனக்குத் தெரியுமே! என்னை நினைத்து எழுதாத வரியைப் படிப்பது போல இருந்தது.

தம்பிக்கு ஒன்பது வயது. இரவில் ஒவ்வொரு பக்கமாக ஆங்கிலத்தில் வாசித்து, உடனே தமிழில் சொல்வேன். ‘பனி’ என்றதும் அவன் மார்கழிக் காலையில் புல்லில் இருக்கும் பனித்துளியை நினைத்துக்கொண்டான். ஃப்ரீசரின் உள்சுவரைச் சுரண்டினால் வருமே, அது காடு முழுக்கக் கொட்டிக் கிடக்கிறது என்று விளக்கினேன். சூனியக்காரி லூசியின் அண்ணன் எட்மண்டுக்குக் கொடுக்கும் டர்க்கிஷ் டிலைட்டுக்கு, மஸ்கோத் அல்வாவின் மேல் மாவுச் சர்க்கரை தூவியது போல என்று சொன்னேன். விளக்குக் கம்பம் வந்ததும் படுத்திருந்தவன் எழுந்து உட்கார்ந்துவிட்டான். “அக்கா, காட்டில் அதை யார் நட்டது? கரண்ட் எங்கிருந்து வருகிறது?” அந்தக் கேள்வியைக் கேட்கும் வாய்ப்புதான் எனக்குக் கிடைக்காமல் போனது. இங்கேயும் பதிலைச் சொல்லமாட்டேன்.

1957-இல் ஓர் அமெரிக்கச் சிறுவனுக்கு எழுதிய கடிதத்தில் லூயிஸே கதை நடக்கும் கால வரிசைக்கு ஆதரவாகத்தான் எழுதினார்; வரிசை அவ்வளவு முக்கியமில்லை என்றும் சொன்னார். இதில் மட்டும் நான் அவரோடு ஒத்துப்போகமாட்டேன்.

ஏழில் எனக்கு மிகவும் பிடித்தது ‘தி வாயேஜ் ஆஃப் தி டான் ட்ரெடர்’. எப்போதும் குறை சொல்லிக்கொண்டே இருக்கும் யூஸ்டஸ், டிராகனின் புதையல்மேல் பேராசையோடு தூங்கி, டிராகனாகவே விழித்துக்கொள்கிறான். ஆசையாகக் கையில் மாட்டிய வளையம் டிராகனின் தடித்த காலில் இறுகி, வலி உயிர்போகிறது. அவனே மூன்று முறை தோலை உரித்துப் போடுகிறான். ஒவ்வொரு முறையும் அடியில் அதே செதில் தோல். கடைசியில் அஸ்லான் என்ற சிங்கம்தான் நகத்தால் ஆழமாகக் கிழித்து உரிக்கிறது. அந்தப் பக்கத்தை நான்கு முறை படித்திருக்கிறேன். திருந்துவது வலிக்கும் என்பதை எந்தப் பெரியவரும் எனக்கு இவ்வளவு நேர்மையாகச் சொன்னதில்லை.

‘பிரின்ஸ் காஸ்பியன்’ நடுவில் இழுக்கிறது. குள்ளன் சொல்லும் பழைய கதை பல அத்தியாயங்கள் ஓடுகிறது. வேறு கதைகளில் கலோர்மென் நாட்டுக்காரர்களைப் பற்றி எழுதியிருப்பது என்னை வருத்தியது. கருத்த நிறமும் தலைப்பாகையும் உள்ளவர்களில் பெரும்பாலோர் கொடியவர்களாகவே வருகிறார்கள். அராவிஸ் போன்ற துணிச்சல்காரி அவர்களிடையே இருப்பது ஓர் ஆறுதல்.

ஏழாவது புத்தகம் படிக்காதவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிவிடுங்கள். லூசியின் அக்கா சூசனுக்கு நடந்தது அநியாயம். வில்லும் ஊதுகொம்பும் பரிசாகப் பெற்றவள், அஸ்லான் இறந்த இரவில் லூசியோடு உடனிருந்தவள். உதட்டுச்சாயத்திலும் விருந்துகளிலும் ஆசை வந்துவிட்டது என்று அவளை ஒதுக்கிவிடுகிறார்கள். ரயில் விபத்தில் அப்பா, அம்மா, அண்ணன், தம்பி, தங்கை எல்லோரும் ஒரே நாளில் போய்விட, அவள் மட்டும் இங்கிலாந்தில் மிஞ்சுகிறாள். அந்தச் செய்தி வந்தபோது அவள் என்ன செய்தாள் என்று ஒரு வரிகூட இல்லை. புத்தகத்தை மூடிவிட்டு வெகுநேரம் அவளையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

தம்பிக்காக, நோட்டுப் புத்தக லேபிள்களை வெட்டிப் பழைய எண்களின்மேல் ஒட்டி, வெளிவந்த வரிசையில் புதிதாக எண் எழுதியிருக்கிறேன். இப்போது ஐந்தாவது நடக்கிறது. ஆறாவது, அவன் கைக்கு எட்டாத மேல்தட்டில் இருக்கிறது. விளக்குக் கம்பத்தை நட்டது யார் என்று இரண்டு பதில்களைக் காகிதத்தில் எழுதி மடித்து என்னிடம் கொடுத்திருக்கிறான். பிரித்துப் பார்த்தேன். இரண்டும் தவறு, அவனிடம் இன்னும் சொல்லவில்லை.