சூப்பர் ஹீரோ காமிக்ஸ்: ஒரு நெடுநாள் வாசகனின் அனுபவம்

பழைய வண்ணாரப்பேட்டையில் வளர்ந்த எனக்கு முதல் சாகச நாயகர் இரும்புக்கை மாயாவி. 1972-இல் முத்து காமிக்ஸ் தமிழுக்குக் கொண்டுவந்த பிரிட்டிஷ் கதை அது. உடலில் மின்சாரம் பாய்ந்ததும் ஆள் மறைந்து, எஃகுக் கை மட்டும் கண்ணுக்குத் தெரியும். அமெரிக்க சூப்பர் ஹீரோக்கள் அதன் பிறகுதான், சென்ட்ரலை ஒட்டிய அல்லிக்குளம் பழைய புத்தகக் கடைகளில், அட்டை போன உதிரி இதழ்களாக என் கைக்கு வந்தார்கள்.

அவர்களில் என்னைப் பிடித்துக்கொண்டவர் ஸ்பைடர்மேன். 1962-இல் எழுத்தாளர் ஸ்டான் லீயும் ஓவியர் ஸ்டீவ் டிட்கோவும் படைத்த அந்த இளைஞன், தான் எடுத்த புகைப்படங்களைப் பத்திரிகைக்கு விற்று வீட்டுச் செலவைச் சமாளிப்பவன். வாரக் கூலியை நம்பி நடந்த குடும்பங்கள் நிறைந்த எங்கள் தெருவில் அந்தக் கவலையை யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. 1966 தேதியிட்ட 33-ஆம் இதழை இன்றும் எடுத்துப் பார்க்கிறேன். பிரம்மாண்டமான இயந்திரத்தின் அடியில் அவன் சிக்கிக் கிடக்கிறான். மேலிருந்து தண்ணீர் கசிகிறது. அத்தையைக் காப்பாற்றும் மருந்து கைக்கெட்டாத தூரத்தில் கிடக்கிறது. கட்டம் கட்டமாக முக்கி முனகி அவன் முயல்வதைப் பார்த்துவிட்டுப் பக்கத்தைத் திருப்பினால், இயந்திரத்தைத் தூக்கி நிற்கும் காட்சி முழுப் பக்கத்தையும் நிறைத்து நிற்கும். மெட்ரோ பயணத்தில் டேப்லெட்டில் படிப்பவர்கள், ஒவ்வொரு கட்டமாகக் காட்டும் வசதியை அணைத்துவிட்டு இதைப் படிக்க வேண்டுகிறேன். அந்த வசதி எல்லாக் கட்டங்களையும் திரையளவுக்குச் சமப்படுத்திவிடுவதால், டிட்கோவின் உழைப்பு கண்ணில் படாமலே போய்விடுகிறது.

என் மனம் விலகத் தொடங்கியது மரணங்களால். 1973-இல் ஸ்பைடர்மேனின் காதலி க்வென் ஸ்டேசி இறந்தபோது அந்த இழப்புக்கு ஒரு கனம் இருந்தது. 1992-இல் இறந்த சூப்பர்மேன் மறு ஆண்டே திரும்பினார். 2007-இல் சுடப்பட்ட கேப்டன் அமெரிக்காவும் அப்படியே மீண்டார். ஆனால் என்னை உண்மையாகவே புண்படுத்தியது ஸ்பைடர்மேனின் திருமணம் அழிக்கப்பட்ட விதம். 1987-இல் நடந்து, இருபது ஆண்டுகள் வாசகர்கள் கூடவே வாழ்ந்த அந்தத் திருமணம், அத்தையின் உயிருக்கு ஈடாக ஒரு சாத்தானிடம் செய்துகொண்ட ஒப்பந்தத்தால் நடக்காததாகவே ஆக்கப்பட்டது. 2011-இல் சூப்பர்மேனை வெளியிடும் டிசி நிறுவனம், பழைய கதைகளை ஓரங்கட்டி, 52 தலைப்புகளை ஒன்றாம் எண்ணிலிருந்து தொடங்கியபோது எனக்குக் கோபம்கூட வரவில்லை. இந்த நாயகர்கள் நிறுவனத்தின் சொத்து. மூப்படைந்தால் இளமை போகும், கதை முடிந்தால் வியாபாரம் போகும் என்பதால், எந்த மாற்றத்தையும் நிலைக்க விடமாட்டார்கள்.

பல நாயகர்களின் இதழ்களை ஒரே கதையில் பிணைக்கும் பெருநிகழ்வுக் கதைகளும் அயர்ச்சி தந்தன. 2006-இல் தொடங்கிய ‘சிவில் வார்’ ஏழு இதழ்கள்தான். ஆனால் அதன் கிளைகள் வேறு பல தலைப்புகளில் பரவியிருந்ததால், முழுமையாக அறிய விரும்புபவர் எல்லாவற்றையும் தேடி வாங்க வேண்டியிருந்தது.

ஆகவே மாத இதழ்களைத் தொடர்வதை விட்டுவிட்டேன். ஓர் எழுத்தாளரும் ஓவியரும் சேர்ந்து தொடங்கி முடித்த பகுதியைத் தொகுப்பாக மட்டும் வாங்குகிறேன். அப்படி வாங்கியவற்றில் என் பற்றை மீட்டுத் தந்தது, ஃப்ராங்க் மில்லரும் டேவிட் மாசுக்கெல்லியும் 1986-இல் படைத்த, டேர்டெவில் என்ற வழக்கறிஞர் நாயகனின் 227 முதல் 233 வரையிலான இதழ்கள். முகமூடிக்குப் பின்னால் இருப்பது யார் என்ற நாயகனின் ரகசியத்தை அறிந்துகொண்ட எதிரி உடனே அடியாட்களை ஏவுவதில்லை. வங்கிக் கணக்கை முடக்குகிறான், வீட்டுக் கடன் கட்டப்படவில்லை என்று வங்கியைச் சொல்ல வைக்கிறான், வழக்கறிஞர் தொழிலைப் பறிக்கிறான். பழைய ஸ்பைடர்மேனில் நான் நேசித்த அந்த அன்றாடப் பணக்கவலை, இங்கே வில்லனின் கையில் ஆயுதமாகவே மாறியிருக்கிறது. சூப்பர் ஹீரோ கதைகள் சலித்துவிட்டன என்று சொல்லும் நண்பர்களுக்கு இந்த ஏழு இதழ்களைத்தான் முதலில் கொடுக்கிறேன்.