எருக்கம்பூ எடுக்க குளோஸ்-அப் பில்டர் செட்: நாலுல ரெண்டு தேறும்

மேக்ரோ லென்ஸ் வாங்க காசு இல்ல, ஆனா பூவ கிட்டக்க போய் எடுக்கணும்னு ஆசை மட்டும் இருக்குன்னா எல்லாரும் கை காட்டுறது இந்த குளோஸ்-அப் பில்டர் செட்டத்தான், லென்ஸ் முன்னாடி திருகி மாட்டுற, பிளஸ் 1, 2, 4, 10னு பவர் போட்ட நாலு கண்ணாடிய ஒரு பவுச்ல போட்டு விக்கிறாங்கல்ல அது. நான் வாங்குனது 58 எம்எம் (லென்ஸ் முன்பக்க மரையோட அகலம்), விலை ஆயிரத்துக்குள்ள. பிராண்டு பேரு வேணாம், டப்பா மேல ஸ்டிக்கர் தான் மாறுது, உள்ள சரக்கு எல்லாம் ஒண்ணு தான்னு தோணுது. இத மாட்டி நான் எடுத்தது பெரும்பாலும் எருக்கம்பூ தான், அதனால ரிவ்யூவும் அதை வச்சு தான்.

எருக்கான்னு சிரிக்காதீங்க. பிள்ளையாருக்கு மாலை வாங்குறதோட சரி, அந்தப் பூவ யாரும் உத்துப் பாக்குறதே இல்ல. மெழுகுல வார்த்த மாதிரி அஞ்சு இதழ், நடுவுல தனியா ஒரு கிரீடம், அதுல அஞ்சு மடிப்பு, ஒவ்வொரு மடிப்போட அடியிலயும் மேல சுருண்ட ஒரு குட்டி வால். கிரீடத்து உச்சில அஞ்சு மூலை வச்ச ஒரு தட்டு இருக்கும், மூலைக்கு ஒண்ணா கடுகு அளவு கூட இல்லாத கருப்புப் புள்ளி. அது அழுக்கு இல்லங்க, கிளிப்பு. இந்தப் பூவுல மகரந்தம் தூளா கொட்டாது, ரெண்டு ரெண்டு பொட்டலமா அந்தக் கிளிப்புல தொங்கிட்டு இருக்கும், கருவண்டு தேன் குடிக்க வந்து கால் இடுக்குல மாட்டுச்சுன்னா கிளிப்போட பிடுங்கிட்டு அடுத்த பூவுக்குப் போயிரும். அந்தப் புள்ளி தெளிவா விழுதா இல்லையாங்கறது தான் நான் கண்ணாடிக்கு வைக்கிற பரீட்சை.

கணக்கு சிம்பிள். லென்ஸ் ஃபோகஸ இன்ஃபினிட்டில, அதாவது கடைசி தூரத்துல வச்சா பிளஸ் 2க்கு பூ அரை மீட்டர் தள்ளி இருக்கணும், பிளஸ் 4க்கு 25 சென்டிமீட்டர், பிளஸ் 10க்கு வெறும் 10. என்கிட்ட இருக்குறது 55-250 ஜூம், அத 250ல வச்சு பிளஸ் 2 போட்டா கேமரா சென்சார்ல பூ நிஜத்துல பாதி சைஸ்ல விழும், அதாவது ஒரு முழுப் பூ பிரேம்ல அழகா உக்காரும். பிளஸ் 4 போட்டா 1:1, அதாவது நிஜ சைஸ், கிரீடம் மட்டும். இந்த ரெண்டும் நிஜமாவே நல்லா இருக்கு, ஓரம் கொஞ்சம் மங்கும் ஆனா நடுவுல கருப்புப் புள்ளி தெளிவா நிக்குது. பிளஸ் 1 இருந்தும் ஒண்ணுதான் இல்லாட்டியும் ஒண்ணுதான், கொத்தா எடுக்குறதுக்கு ஜூமே போதும்.

பிளஸ் 10 தான் மோசம். ஒத்தக் கண்ணாடி, அதனால கலர் பிரியுது, எல்லா விளிம்புலயும் ஊதா கோடு. இதுல ஒரு கூத்து என்னன்னா சாதா எருக்கே இளஊதா தானே, அதனால முதல்ல அது பூவோட கலருன்னு தான் நினைக்கத் தோணும், நல்லாத்தானே இருக்குன்னு கூட சொல்லுவீங்க. வெள்ளெருக்க எடுத்துப் பாருங்க, வண்டவாளம் வெளிய வந்துரும். கிட்டக்க போறதால நம்ம நிழலே பூ மேல விழுற தொல்லை வேற. ரெண்டு பில்டர ஒண்ணு மேல ஒண்ணு மாட்டலாம்னு கவர்ல போட்டிருக்கான், மாட்டுனா மரை இறுகிக்கும், ரப்பர் பேண்ட் சுத்தித் திருகுனா தான் கழலும்.

கண்ணாடி எவ்வளவு நல்லதா இருந்தாலும் 1:1ல லென்ஸ் துவாரத்த எஃப் 11க்கு சின்னதாக்கி வச்சாக் கூட ஷார்ப்பா வர்ற ஆழம் ஒரு மில்லிமீட்டர் கூட தேறாது, அதனால மேல இருந்து எடுத்தா தட்டு, பக்கவாட்டுல எடுத்தா ஒரு மடிப்பு, ரெண்டுல ஒண்ணு தான். மெழுகு இதழ் வெயில்ல வெள்ளையா எரிஞ்சு போகும், காலைல ஏழு எட்டு மணிக்குள்ள முடிச்சிருங்க, எக்ஸ்போஷர கொஞ்சம் குறைச்சே வைங்க. ஆடிக் காத்துல இந்த வேலையே வேணாம். காம்பு ஆடுதேன்னு ஒடிக்காதீங்க, பக்கத்துல குச்சி நட்டு துணி கிளிப்பால பிடிச்சா போதும். ஒடிச்சா பால் வடியும், கண்ணுல பட்டா பார்வைக்கே ஆபத்து, கைய கழுவாம வியூஃபைண்டர் பக்கம் போகாதீங்க. அப்புறம் இலை அடியிலயும் ஒரு பார்வை பாருங்க, வெந்தய வரியன் புழு கருப்பு மஞ்சள் வரியோட மேஞ்சிட்டு இருக்கும், அதுக்கு பிளஸ் 2 கச்சிதம்.

மார்க்கு போடணும்னா அஞ்சுக்கு மூணு, அதுவும் பிளஸ் 2, பிளஸ் 4க்காக. இன்னும் கொஞ்சம் காசு சேர்க்க முடியும்னா ரேநாக்ஸ் டிசிஆர்-250 பாருங்க, அதுவும் லென்ஸ் முன்னாடி மாட்டுற குளோஸ்-அப் கண்ணாடி தான், 8 டயாப்டர் (பிளஸ் 8 மாதிரி), ஒத்தக் கண்ணாடி கிடையாது, 52ல இருந்து 67 எம்எம் வரைக்கும் எந்த லென்ஸ்லயும் கிளிப் மாதிரி மாட்டிக்கலாம். இந்த செட்டு தான் வாங்குறீங்கன்னா லென்ஸ் முன்பக்கம் வட்டத்துல கோடு போட்ட குறி (⌀) பக்கத்துல இருக்குற நம்பர பாத்துட்டு ஆர்டர் போடுங்க, 55-250ன்னு எழுதியிருக்கறத பாத்துட்டு 55 எம்எம் பில்டர் வாங்கிறாதீங்க.