கையால் சுழற்றும் டை கட்டிங் எந்திரமும் ஒரு டை தொகுப்பும்: எட்டு மாதங்களுக்குப் பின்

வாழ்த்து அட்டைகளைக் கடையில் வாங்காமல் நானே செய்து அனுப்பும் பழக்கம் எனக்குப் பல ஆண்டுகளாக உண்டு. பூ, இலை, வண்ணத்துப்பூச்சி எதுவானாலும் பென்சிலால் வரைந்து, சிறு கத்தரியாலும் கூர்முனைக் கத்தியாலும் வெட்டி ஒட்டுவேன். ஓர் அட்டைக்கு ஒரே அளவில் பன்னிரண்டு இலைகள் தேவைப்பட்டால் ஏழாவது இலைக்குள் விரல் வலிக்கத் தொடங்கிவிடும். கடைசி இலையில் முதல் இலையின் சாயலே இராது. இந்த இடரைத் தீர்த்துக்கொள்ளத்தான் எட்டு மாதங்களுக்கு முன்பு, கையால் சுழற்றும் டை கட்டிங் எந்திரம் ஒன்றையும் அதனுடன் சேர்த்து விற்கப்பட்ட டை தொகுப்பையும் வாங்கினேன். அதைக் கொண்டு இதுவரை எழுபதுக்கும் மேற்பட்ட அட்டைகளைச் செய்திருக்கிறேன். எந்திரம் மிக நன்றாக இருக்கிறது. டைகளில் பாதி நன்றாக இருக்கின்றன. உடன் வந்த பிளாஸ்டிக் தகடுகளும் கையேடும்தான் குறையுடையவை.

இதைப் பயன்படுத்தாதவர்களுக்காக இயங்கும் முறையைச் சொல்லிவிடுகிறேன். டை என்பது ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் தடிமனுள்ள எஃகுத் தகடு. அதன் ஒரு பக்கத்தில் பூவின் அல்லது இலையின் வெளிக்கோடு கூரிய விளிம்பாக எழும்பி நிற்கும். ஒரு பிளாஸ்டிக் தகட்டின் மேல் தாளை வைத்து, தாளின் மேல் அந்த விளிம்பு படும்படி டையைக் கவிழ்த்து, மேலே இன்னொரு தகட்டை வைத்து, இந்த அடுக்கு முழுவதையும் இரண்டு உருளைகளுக்கு இடையே செலுத்திக் கைப்பிடியைச் சுழற்ற வேண்டும். உருளைகளுக்கு நடுவிலுள்ள இடைவெளி மாறாதது. அடுக்கின் தடிமன் அதைவிடச் சற்றே கூடுதலாக இருப்பதால்தான் அழுத்தம் பிறக்கிறது, அந்த அழுத்தமே தாளை வெட்டுகிறது. மின்சாரமோ கணினியோ தேவையில்லை. சுழற்றும்போது தகடுகள் நொறுங்குவதுபோல் ஒரு சத்தம் கேட்கும். முதல் நாள் அதைக் கேட்டு நான் நிறுத்திவிட்டேன், ஆனால் அது இயல்பான சத்தம்தான்.

எந்திரத்தின் வாய் 15 சென்டிமீட்டருக்குச் சற்று மேல் அகலமுடையது. வாங்குவதற்கு முன் எனக்கு இருந்த பெரிய ஐயம் இந்த அளவைப் பற்றியதே. ஏ4 தாளைப் பாதியாக வெட்டினால் ஏ5. அதை மடித்தால் 105 மி.மீ. அகலமும் 148 மி.மீ. உயரமும் கொண்ட அட்டை கிடைக்கும். விரித்த நிலையிலும் அதன் ஒரு பக்கம் 148 மி.மீ. தான் என்பதால், மடிக்காத அட்டையையே உள்ளே செலுத்தி முகப்பில் சாளரம் வெட்ட முடிகிறது. வாழ்த்து அட்டைக்கு இதைவிடப் பெரிய வாய் தேவைப்படவில்லை. அடிப்பகுதியிலுள்ள உறிஞ்சு பிடிப்பான் மேசையை இறுகப் பற்றிக்கொள்வதால் சுழற்றும்போது எந்திரம் நகர்வதில்லை.

மூன்றாவது வாரத்தில்தான் சிக்கல் தொடங்கியது. நடுவில் வைத்த டை சீராக வெட்டியது. இடப்பக்கம் வைத்தால் இலையின் நுனி தாளோடு ஒட்டியபடியே நின்றது. எந்திரம் பழுதாகிவிட்டது என்றே நினைத்தேன். உண்மையில் பழுதடைந்தது எந்திரமன்று. ஒரே தகட்டை ஒரே பக்கமாக மீண்டும் மீண்டும் செலுத்தியதால் அது வில்போல வளைந்திருந்தது. வளைந்த தகடு எல்லா இடத்திலும் ஒரே அழுத்தத்தைக் கொடுக்காது. ஒவ்வொரு முறை வெட்டிய பின்பும் தகட்டைப் புரட்டி, முன்பின்னாகவும் திருப்பி வைக்கத் தொடங்கியதும் வளைவு பெரிதும் குறைந்தது. இவ்வளவு எளிய குறிப்பைக் கையேட்டில் ஒரு வரியாகச் சேர்த்திருந்தால் நான் இருபது தாள்களை வீணாக்கியிருக்க மாட்டேன். வெட்டு விழாத இடத்துக்கு நேராக, டையின் பின்புறத்தில் ஒரு துண்டுத் தாளை வைத்து அங்கே மட்டும் தடிமனைக் கூட்டுவதும், நீண்ட நேர்விளிம்புள்ள டையைச் சற்றுச் சாய்வாக வைத்து அந்த விளிம்பு முழுவதும் ஒரே நொடியில் உருளைக்குள் நுழையாமல் பார்த்துக்கொள்வதும் நான் பின்னர் கற்றுக்கொண்ட வழிகள். கூரிய விளிம்பு படும் தகட்டில் கீறல்கள் விழுவதைத் தவிர்க்க முடியாது. ஆகவே ஒரு தகட்டை அதற்கென்றே ஒதுக்கி, மற்றதைக் கீறலின்றி வைத்துக்கொள்கிறேன். எட்டு மாதங்களில் ஒரு தகடு விரிசல் விட்டு, மாற்ற வேண்டியதாயிற்று.

தொகுப்பிலுள்ள டைகளில் என் மனம் முதலில் சென்றது பெரணி இலைக்கு. அதன் நடுத்தண்டு அகலமாகவும் கிளையிலைகள் ஒவ்வொன்றும் தண்டோடு உறுதியாக இணைந்தும் இருப்பதால், ஒரே சுற்றில் கிழியாமல் வெளிவருகிறது. ஒன்றுக்குள் ஒன்று அடங்கும் ஐந்து நீள்வட்டங்கள் அதைவிடப் பயனுள்ளவை. அடுத்தடுத்த இரண்டு அளவுகளை ஒன்றாக வைத்து வெட்டினால் மெல்லிய சட்டம் ஒன்று கிடைக்கும். நான் செய்த அட்டைகளில் பாதிக்கும் மேற்பட்டவற்றில் அந்தச் சட்டம் ஏதாவது ஒரு வடிவில் இருக்கிறது.

சரிகைப் பின்னல் போன்ற சிறகுகளையுடைய வண்ணத்துப்பூச்சியைப் பற்றி அப்படிச் சொல்ல இயலவில்லை. பெட்டியின் மேலுள்ள படத்தில் எல்லோரையும் ஈர்ப்பது அதுதான், நானும் அதைப் பார்த்தே வாங்கினேன். ஆனால் சிறகுகளிலுள்ள நுண்ணிய துளைகளில் வெட்டுப்பட்ட தாள்துகள்கள் டைக்குள்ளேயே சிக்கிக்கொள்கின்றன. டையின் முதுகிலுள்ள துளைகள் வழியாக ஊசியால் ஒவ்வொன்றாகக் குத்தி வெளியேற்ற வேண்டும். அவசரப்பட்டால் சிறகு கிழிந்துவிடும். டைக்கும் தாளுக்கும் இடையே மெழுகுத் தாள் ஒன்றை வைத்து வெட்டியபோது வடிவம் எளிதாக விடுபட்டது. அப்படியும் ஒரு வண்ணத்துப்பூச்சிக்குப் பத்து நிமிடம் ஆகிறது. ஓர் அட்டைக்கு ஒன்று என்றால் மகிழ்ச்சியோடு செய்யலாம், இருபது அட்டைகளுக்கு இதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

தாளைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனெனில் நான் எந்திரத்தின் குறை என்று எண்ணியவற்றில் பல தாளின் குறைகளாகவே இருந்தன. அட்டையின் உடலுக்கு 300 ஜி.எஸ்.எம். (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில்) தாளையும், வெட்டி ஒட்டும் பூக்களுக்கும் இலைகளுக்கும் 200 முதல் 220 வரையுள்ள தாளையும் பயன்படுத்துகிறேன். சாதாரண அச்சுத் தாளில் வெட்டினால் பெரணி இலை சுருண்டுகொள்கிறது, ஒட்டும்போது பசையின் ஈரத்தில் நெளிகிறது. சில வண்ணத் தாள்களில் நிறம் மேற்பரப்பில் மட்டுமே இருக்கும்; அவற்றை வெட்டினால் கரும்பச்சை இலையைச் சுற்றி வெள்ளைக் கோடு தெரியும். உள்ளும் புறமும் ஒரே நிறமாகவுள்ள தாளையே கேட்டு வாங்க வேண்டும். ஓரத்தைச் சிறிது கிழித்துப் பார்த்தால் வேறுபாடு உடனே புலப்படும்.

மடிப்பும் தாளைப் பொறுத்ததே. தாளின் இழைகள் ஒரு திசையில் ஓடுகின்றன; அத்திசையில் மடித்தால் மடிப்பு வழவழப்பாக அமையும், குறுக்கே மடித்தால் தடித்த தாள் வெடிக்கும். இழை நீளவாக்கில் ஓடும் ஏ4 தாளை அகலவாக்கில் இரண்டாக வெட்டி, கிடைத்த பாதியை மீண்டும் நடுவில் மடித்தால் மடிப்பு இழையின் திசையிலேயே விழும். அதே தாளை நீளவாக்கில் பிளந்து மடித்தபோதெல்லாம் என் அட்டைகளின் முதுகில் விரிசல் கண்டது. காரணம் தெரியாமல் பல நாள் கத்தியைக் குறைகூறிக்கொண்டிருந்தேன்.

ஒட்டுவதற்கு, மெல்லிய முனையுள்ள பசைக்குப்பியைவிட, இருபுறமும் ஒட்டும் தாளே இந்த வேலைக்குப் பொருத்தமானது. வெட்டுவதற்கு முன்பே அதை வண்ணத் தாளின் பின்புறம் ஒட்டிவிட்டால், வெளிவரும் பெரணி இலை அப்படியே ஒரு ஸ்டிக்கராகிவிடும்; மெல்லிய கிளைகளில் பசை தடவி, அது பிதுங்கி, துடைக்கும் தொல்லை இல்லை. உயரம் காட்ட விரும்பும் பூவுக்கு மட்டும் ஃபோம் டேப் வைக்கிறேன். அடுக்கு கூடக் கூட உறை தடித்துவிடும் என்பதால், அஞ்சலில் செல்லும் அட்டைகளுக்கு வேறொரு வழி எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது: அட்டையின் முகப்பிலேயே இலையை வெட்டி எடுத்து, அதே டையால் வேறு நிறத் தாளில் வெட்டிய இலையை அந்தப் பள்ளத்தில் பொருத்துவது. இரண்டும் ஒரே டையில் பிறந்தவை என்பதால் மயிரிழை இடைவெளியும் தெரியாது. விரலால் தடவினாலும் மேடு பள்ளம் உணரப்படுவதில்லை. கத்தரியால் எந்தக் காலத்திலும் என்னால் செய்திருக்க முடியாத வேலை இது.

கணினியோடு இணைத்து இயக்கும் மின்னணு வெட்டு எந்திரத்தை வாங்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. நாமே வரைந்த எந்த வடிவத்தையும் அது வெட்டும். இதில் டையாக இருப்பதை மட்டுமே வெட்ட முடியும். ஆனால் ஒரே இலையை முப்பது முறை வெட்டுவதற்கு இந்தக் கைப்பிடியே எனக்குப் போதுமானதாக இருக்கிறது.

புதிதாக வாங்குபவர் தொகுப்பைத் தவிர்த்து, எந்திரத்தையும், நீள்வட்டங்களையும், நல்ல இலை டை ஒன்றையும் தனித்தனியாக வாங்கி, மிஞ்சும் பணத்தை மாற்றுத் தகடுகளுக்கும் தரமான தாளுக்கும் செலவிடலாம். தொகுப்பில் வந்த நான்கு சொல் டைகளும் ஆங்கிலச் சொற்களே. கூட்டெழுத்தாக இணைந்திருப்பதால் அவை ஒரே துண்டாக வெளிவருகின்றன. தமிழ் எழுத்துகள் தனித்தனியே நிற்பவை. புள்ளிகளோ எதனோடும் சேராதவை. ‘வாழ்த்துகள்’ என்ற ஒரு சொல்லிலேயே மூன்று புள்ளிகள் இருக்கின்றன. சொல்லின் பின்னால் நிழல்போல அமையும் ஓர் அடித்தகட்டு வடிவத்தையும் சேர்த்துத் தந்தால் இதற்கும் டை செய்துவிடலாம். அப்படி ஒன்றை யாரேனும் விற்றால் அன்றே வாங்கிவிடுவேன். அதுவரை நீள்வட்டத்தின் நடுவே கையால்தான் எழுதிவருகிறேன். சென்ற மாதம் ஒருமுறை மட்டும், பின்புறம் ஒட்டும் தாள் பூசிய கருநீலத் தாளில் அந்தச் சொல்லை எழுதி, கத்தியால் வெட்டி, பின்தாளை உரிப்பதற்கு முன் மேலே பிடிப்புக் குறைந்த டேப்பை ஒட்டி, சொல் முழுவதையும் ஒரே தூக்கில் எடுத்து அட்டையில் பதித்துப் பார்த்தேன். டேப்பை மெல்ல உரித்தபோது மூன்று புள்ளிகளும் தத்தம் இடத்தில் இருந்தன.